கல்லூரி ரிசீவர்களின் எண்கள் என்.எஃப்.எல்.லில் எவ்வளவு தூரம் செல்லும்?

1. இருபத்தோராம் தேர்வு எழுதியது:

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் ரசிகர்களிடம் 2020 ட்ராஃப்டை, அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்த நிகழ்வைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுருங்கும். நானும் அவர்களில் ஒருவன் என்பதை நான் வைத்துக்கொண்ட பெயரே சொல்லிவிடும். அந்த ஆண்டு முதல் சுற்றின் 21 ஆவது தேர்வாக எங்கள் அணி டி.சி.யூ. பல்கலைக்கழகத்தின் ரிசீவர் (எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த தேர்வு மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியுடையது, அவர்கள் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்துக்கொண்டார்கள். ஜெஃபர்சன் அறிமுக ஆண்டிலேயே 88 கேட்சுகளில், அதாவது பிடித்த பந்துகளில், 1,400 யார்டு தூரத்தைக் குவித்தார். 2022இல் 128 கேட்சுகள், 1,809 யார்டு என்ற கணக்கோடு ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். ரேகரின் அறிமுக ஆண்டுக் கணக்கு 31 கேட்சுகள், 396 யார்டு.

கல்லூரி எண்களைப் பார்த்திருந்தாலே இந்தத் தவறு நேர்ந்திருக்காது என்று பலர் சொல்வதுண்டு. 2019 பருவத்தில் ஜெஃபர்சன் 111 கேட்சுகளில் 1,540 யார்டும் 18 டச்டவுன்களும் (எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தல்) எடுத்திருந்தார். ரேகர் எடுத்தது 43 கேட்சுகளில் 611 யார்டு. ஆனால் அதே அளவுகோலை நான்கு ஆண்டு பின்னால் கொண்டுபோய் வைத்தால் அது வளைந்துவிடுகிறது. பேய்லர் பல்கலைக்கழகத்தின் கோரி கோல்மன் 2015இல் 1,363 யார்டும் 20 டச்டவுன்களும் எடுத்து, நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதைப் பெற்று, 2016 ட்ராஃப்டில் 15 ஆவது தேர்வாகக் கிளீவ்லாந்துக்குப் போனவர். என்.எஃப்.எல்.லில் எந்தப் பருவத்திலும் அவர் 500 யார்டை எட்டவில்லை. அதே ட்ராஃப்டில் 47 ஆவதாக எடுக்கப்பட்ட மைக்கேல் தாமஸ், ஒஹாயோ ஸ்டேட்டில் தன் கடைசிப் பருவத்தில் எடுத்திருந்தது 781 யார்டு மட்டுமே. அவர்தான் 2019இல் நியூ ஆர்லியன்ஸுக்காக 149 கேட்சுகள் பிடித்து, ஒரு பருவத்துக்கான சாதனையை நிறுவினார்.

ஆகவே என் கேள்வி இதுதான். கல்லூரியில் ஒருவர் குவித்த எண்களில் எந்தப் பகுதி அவருடையது, எந்தப் பகுதி அவர் நின்ற இடத்துடையது என்று பிரித்துப் பார்க்க நம்பத்தக்க வழி ஏதும் உண்டா? அணிகளின் தேர்வாளர்களுக்கே தெரியாததை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பதிலைத் தயவுசெய்து தவிர்க்கவும். அதை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

2. எண்கணக்கு எழுதியது:

மொத்த யார்டைப் பார்ப்பது தொடக்கத்திலேயே தவறு என்பது என் கருத்து. ஆட்டத்துக்கு நாற்பது முறை பந்தை எறியும் அணியில் ஒருவர் எடுத்த 1,200 யார்டும், இருபத்தைந்து முறை எறியும் அணியில் இன்னொருவர் எடுத்த 900 யார்டும் ஒரே தராசில் நிற்க முடியாதவை. பார்க்க வேண்டியது பங்கு: அணி வான்வழியாக எடுத்த யார்டுகளிலும் டச்டவுன்களிலும் இவருடைய விழுக்காடு என்ன என்பதே முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, அந்தப் பங்கை அவர் எந்த வயதில் எட்டினார் என்பது. பதினெட்டு, பத்தொன்பது வயதில், தன்னைவிட மூன்று நான்கு ஆண்டு மூத்த உடல்களுக்கு எதிராக ஓடி, தன் அணியின் மூத்த ரிசீவர்களைப் பின்னுக்குத் தள்ளி முதன்மை இடத்தைப் பிடித்தவரும், இருபத்துமூன்று வயதில் ஐந்தாம் ஆண்டு மாணவராக அதே எண்களை எடுத்தவரும் ஒன்றல்லர். 2020 பருவம் பெருந்தொற்றின் காரணமாக யாருடைய தகுதிக் கணக்கிலும் சேர்க்கப்படாததால், அதன் பிறகு வந்த சில ட்ராஃப்டுகளில் வயது கூடிய ஆட்டக்காரர்கள் மிகுதியாக இருந்தார்கள். அங்கே இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

உங்கள் கோல்மனுக்கும் தாமஸுக்கும் இது முழு விடை தராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெஃபர்சனுக்குத் தரும். எல்லோரும் 2019ஐ மட்டும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய 2018இல், ஜோ பரோ இன்னும் சாதாரணக் குவார்ட்டர்பேக்காகவே (பந்தை எறிபவராகவே) கருதப்பட்ட காலத்தில், 54 கேட்சுகளில் 875 யார்டு எடுத்து எல்.எஸ்.யூ. அணியின் முதன்மை ரிசீவராக இருந்தவர் ஜெஃபர்சன். அப்போது ஜமார் சேஸ் முதலாண்டு மாணவர்; அவர் எடுத்தது 313 யார்டு.

3. கோணல்பார்வை எழுதியது:

எண்கணக்கு அவர்கள் சொன்ன பங்கும் வயதும் பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு அளவுகளிலும் நன்றாகத் தேறிய இருவரை நினைவூட்ட விரும்புகிறேன். ஒருவர் ஓல் மிஸ் பல்கலைக்கழகத்தின் லக்வான் ட்ரெட்வெல். முதலாண்டிலேயே 72 கேட்சுகள் பிடித்தவர், 2016இல் 23 ஆவது தேர்வாக மின்னசோட்டாவுக்குப் போனவர். அறிமுக ஆண்டு முழுவதிலும் அவர் பிடித்தது ஒரே ஒரு கேட்ச், 15 யார்டு. மற்றொருவர் அரிசோனா ஸ்டேட்டின் நிகீல் ஹாரி. இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் ஆயிரம் யார்டைக் கடந்து, 2019 ட்ராஃப்டில் நியூ இங்கிலாந்தின் முதல் சுற்றுத் தேர்வானவர். அவரும் நிலைக்கவில்லை.

இவர்கள் இருவரும் எண்களைப் பொய்யாக எடுக்கவில்லை. பந்து வந்து சேரும் நேரத்தில் தற்காப்பு வீரர் பக்கத்திலேயே இருப்பார். இவர்கள் உடலைக் குறுக்கே வைத்து, உயர எழும்பி, வலிமையால் பந்தைப் பறித்துக்கொள்வார்கள். கல்லூரியில் எதிரே நிற்கும் கார்னர்பேக்குகளில் (ரிசீவரைத் தடுக்கும் தற்காப்பு வீரர்களில்) பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்கு ஒருபோதும் போகாதவர்கள். அவர்களுக்கு எதிராக இந்த வலிமை செல்லுபடியாகும். என்.எஃப்.எல்.லில் எதிரே நிற்பவரும் அதே உயரம், அதே வலிமை, கூடுதல் வேகம். அங்கே ரிசீவருக்குத் தேவை பந்து வருவதற்கு முன்னரே கிடைக்கும் ஓரடி இடைவெளி. அந்த இடைவெளியை உண்டாக்கத் தெரியாதவருக்குக் குவார்ட்டர்பேக் பந்தை எறியவே மாட்டார். எறியாத பந்தைப் பறிக்க முடியாது அல்லவா?

ஆகவே நான் பார்ப்பது, அவர் எத்தனை யார்டு எடுத்தார் என்பதை அல்ல. எப்படித் தனித்து நின்றார் என்பதை. முகத்துக்கு நேரே வந்து நின்று மார்பில் கைவைத்துத் தடுக்கும் பிரஸ் கவரேஜை அவர் எத்தனை முறை சந்தித்தார்? சந்தித்தபோது முதல் இரண்டு காலடியில் என்ன செய்தார்? ஓட்டத்தின் நடுவே திரும்பும்போது வேகம் குறைவதற்கு அவருக்கு எத்தனை அடி பிடித்தது? கோரி கோல்மன் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதிலே இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல். அன்றைய பேய்லர் தாக்குதல் முறையில் ரிசீவர்கள் ஏறக்குறையப் பக்கக் கோட்டை ஒட்டியே நிறுத்தப்படுவார்கள். தற்காப்பு முழுவதும் திரைச்சீலையைப் போல இழுபட்டு மெலிந்துவிடும். ஆட்டமோ மூச்சுவிட நேரமின்றி வேகமாக நடக்கும். ரிசீவர் ஓடுவது நேர் ஓட்டம், திடீரென நின்று திரும்பும் ஓட்டம், குறுக்கே வெட்டும் ஓட்டம் என்று மூன்று நான்கு வகைதான். தனக்குப் பந்து வராத ஆட்டங்களில் அவர் ஓடுவதுகூட இல்லை, நின்றுகொண்டிருப்பார். என்.எஃப்.எல்.லில் ஒன்பது பத்து வகை ஓட்டங்களையும், எதிரணியின் அமைப்பைப் பார்த்து அவற்றை நடுவழியில் மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த முறையைத்தான் 2022இல் டென்னசி பல்கலைக்கழகம் ஆடியது. ஜேலின் ஹயட் அலபாமாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து டச்டவுன்கள் எடுத்து, அந்த ஆண்டு பிலெட்னிகாஃப் விருதையும் வென்றார். அவருக்கு 2023 ட்ராஃப்டில் மூன்றாம் சுற்று வரை காத்திருக்க நேர்ந்ததைப் பார்த்தால், கோல்மனிடமிருந்து அணிகள் ஏதோ கற்றிருக்கின்றன என்று தோன்றுகிறது. நியூயார்க் ஜயண்ட்ஸில் முதலாண்டு 373 யார்டு. இரண்டாம் ஆண்டு 62.

4. எண்கணக்கு எழுதியது:

பேய்லரைப் பற்றிய உங்கள் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பேய்லரிலிருந்து வந்த ஜாஷ் கார்டன் 2013இல் 1,646 யார்டு எடுத்து லீகிலேயே முதலிடத்தில் இருந்தார். அதே ஆண்டு டென்னசி டைட்டன்ஸுக்காக ஆடிய கெண்டல் ரைட்டும் ஆயிரம் யார்டைக் கடந்தார்; அவரும் பேய்லர்தான். ஒரு முறையிலிருந்து வந்தவர் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்குவது, ஒரு முறையிலிருந்து வந்தவர் என்பதற்காகவே ஒருவரைக் கொண்டாடுவதற்குச் சமமான பிழை.

5. கோணல்பார்வை எழுதியது:

முறையைக் காரணம் காட்டி நான் யாரையும் ஒதுக்கவில்லை. அந்த முறையில் எடுத்த எண்கள் சான்றாக நிற்கும் வலிமை குறைந்தவை என்கிறேன், அவ்வளவே. கார்டன் ஆறடி மூன்று அங்குல உடலோடு அந்த வேகத்தில் ஓடியவர்; அவருடைய திறனை யார்டு கணக்கின் துணையின்றியே காண முடிந்தது. சான்று இல்லாத இடத்தில் ஒருவர் குற்றவாளியும் அல்லர், நிரபராதியும் அல்லர். ஆனால் 15 ஆவது தேர்வைச் செலவிடுபவர் சான்று இருக்கும் இடத்தில் செலவிட்டால் நல்லது.

6. பக்கக்கோடு எழுதியது:

நான் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பல ஆண்டுகள் பக்கக்கோட்டு நடுவராக நின்றவன். இந்த விவாதத்தில் எல்லோரும் ஆட்டக்காரரின் தரத்தைப் பேசுகிறீர்கள். சட்டப் புத்தகமே மாறிவிடுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் கேட்ச், என்.எஃப்.எல்.லில் இரண்டு கால்களும் பட வேண்டும். பக்கக்கோட்டை ஒட்டிப் பந்தைப் பிடித்தே பெயர் வாங்கிய கல்லூரி ரிசீவரின் தொகுப்புக் காட்சிகளைப் பார்க்கும்போது, இரண்டாவது காலை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். சில அழகான கேட்சுகள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மைதானத்தின் நடுவே உள்ள ஹாஷ் கோடுகளும் வேறு. கல்லூரியில் இரண்டுக்கும் இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால், ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் கிடைக்கும். அந்த 100 அடிப் பக்கத்தில் தனியாக விடப்பட்ட ரிசீவருக்கு ஓட எவ்வளவு வெளி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். என்.எஃப்.எல்.லில் அப்படிப்பட்ட திறந்தவெளி எந்தப் பக்கத்திலும் இல்லை. எறிதல் ஆட்டங்களில் தடுப்பு வரிசை வீரர்கள் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். ஓட்டமா எறிதலா என்று தற்காப்பைக் குழப்பி, நடுவே காலியான இடத்தில் ரிசீவருக்குப் பந்தைத் தரும் ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு எளிதாகக் கைகூடுவதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

நேர்மையாகச் சொன்னால், எதிர்த்திசையில் செல்லும் சட்டமும் ஒன்று உண்டு. என்.எஃப்.எல்.லில் ஐந்து யார்டைத் தாண்டிய பிறகு ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக் கூடாது. கல்லூரியில் பந்து எறியப்படும் வரை, எதிரே வருபவரைத் தடுக்கத் தற்காப்பு வீரருக்கு இடமுண்டு. ஆகவே கல்லூரியில் உரசல்களுக்கு நடுவே திணறிய மெலிந்த உடல்வாகு கொண்ட ரிசீவர், ஐந்து யார்டைக் கடந்துவிட்டால் என்.எஃப்.எல்.லில் சற்று நிம்மதியாகவே ஓடலாம். 2020இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வென்ற டெவாண்டா ஸ்மித்தின் 170 பவுண்டு எடையைப் பற்றி எழுந்த கவலைகள் பெரிதும் வீணானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

பந்தும்கூட வேறு. கல்லூரிப் பந்தில் வெள்ளைப் பட்டைகள் உண்டு, என்.எஃப்.எல். பந்தில் இல்லை. 2021இல் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் ஜமார் சேஸ் பந்துகளைத் தவறவிட்டபோது இதைத்தான் காரணமாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆண்டு அவர் 1,455 யார்டு எடுத்தார்.

7. பழைய நைனர் எழுதியது:

இளையவர்கள் பேசட்டும் என்று ஒதுங்கியிருந்தேன். எதிரணியின் தரம் என்ற பேச்சு வந்துவிட்டதால் இரண்டு வார்த்தை.

மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறு கல்லூரியில் ஜெர்ரி ரைஸ் 1984இல் 27 டச்டவுன் கேட்சுகள் பிடித்தார். பெரிய கல்லூரிகள் ஆடும் பிரிவே அல்ல அது. அந்த எண்ணை நம்பாதவர்களுக்கு நல்ல காரணம் இருந்தது. நாற்பது யார்டு ஓட்டத்திலும் அவர் வேகமானவர் என்று பெயரெடுத்தவர் அல்லர். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவரை நம்பி, 1985 ட்ராஃப்டில் மேலேறி வந்து 16 ஆவது தேர்வாக எடுத்தார். முதலாண்டில் ரைஸ் கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டு, உள்ளூர் ரசிகர்களிடமே கூச்சல் வாங்கினார். மறு ஆண்டு 1,570 யார்டு. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் இருந்தது 22,895 யார்டு. இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.

எதிரணி எளியது என்பதால் எண் பொய்யாகிவிடாது. அந்த எண் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது, அவ்வளவுதான். கூப்பர் கப் கிழக்கு வாஷிங்டன் கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் 6,464 யார்டு எடுத்தார். அதை அப்படியே நம்ப வேண்டாம் என்றால், அதே கல்லூரி பெரிய அணிகளோடு மோதிய சில ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2015இல் ஆரிகனுக்கு எதிராக 15 கேட்சுகள், 246 யார்டு, மூன்று டச்டவுன். நாற்பது யார்டை 4.62 விநாடியில் ஓடியதால் 69 ஆவது தேர்வு வரை கிடந்தவர், 2021இல் 145 கேட்சுகள், 1,947 யார்டு, 16 டச்டவுன் என்று மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தார். நேர்க்கோட்டு வேகத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால்: 2017இல் 4.22 விநாடியில் ஓடிச் சாதனை படைத்து 9 ஆவது தேர்வான ஜான் ராஸ், அறிமுக ஆண்டில் ஒரு கேட்ச்கூடப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். வெற்றி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் மைக்கேல் கிராப்ட்ரீ டெக்ஸாஸ் டெக்கில் 2007இல் 1,962 யார்டு எடுத்தவர்; பிலெட்னிகாஃப் விருதை இரண்டு முறை வென்றவர். என்.எஃப்.எல்.லில் இரண்டே பருவங்களில்தான் ஆயிரத்தைத் தாண்டினார். அதனால் அவரைத் தோல்விப் பட்டியலில் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினோரு பருவங்கள் ஆடி 637 கேட்சுகள் பிடித்தவரைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8. இருபத்தோராம் தேர்வு எழுதியது:

பழைய நைனர் ஐயாவின் கேள்வி நியாயமானது. முதல் சுற்றில் எடுத்தவர், அணியின் முதல் இரண்டு ரிசீவர்களில் ஒருவராக நான்கைந்து ஆண்டுகள் நிலைத்தால் அதையே நான் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நான்கைந்து ஆண்டு என்பதுதான் எனக்கு இன்னொரு ஐயத்தைத் தருகிறது. டவான்டே ஆடம்ஸ் ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் 2013இல் 131 கேட்சுகள், 24 டச்டவுன் எடுத்தவர். கிரீன் பேயில் ஆரன் ராஜர்ஸ் எறிந்த பந்துகளைப் பெற்றும், முதலாண்டு 446 யார்டு, இரண்டாம் ஆண்டு 483 யார்டு. 2015 முடிவில் இந்த விவாதம் நடந்திருந்தால், சிறிய லீகில் எடுத்த வீங்கிய எண்கள் என்று அவரை நாமெல்லோரும் எழுதித் தள்ளியிருப்போம். பிறகு அவர் லீகின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவரானார். அப்படியானால், கல்லூரித் திறன் செல்லுபடியானதா என்பதை எப்போது முடிவு செய்வது? போய்ச் சேர்ந்த அணி, எறிபவர், காயம், முன்னால் நிற்கும் மூத்த ரிசீவர்கள் இவையெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றை, ஆட்டக்காரரின் இயல்பாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோமோ?

9. எண்கணக்கு எழுதியது:

ஆடம்ஸைப் போன்றவர்களைக் காட்டி எதையும் நிறுவிவிடலாம் என்பதால்தான் எனக்கு எண்கள் பிடிக்கும். 146 ஆவது தேர்வான ஸ்டெஃபான் டிக்ஸ், 195 ஆவது தேர்வான அன்டோனியோ பிரவுன், 177 ஆவது தேர்வான பூக்கா நகுவா என்று பெயர்களை அடுக்கினால், ட்ராஃப்டே ஒரு சூதாட்டம் போலத் தோன்றும். ஐந்தாம், ஆறாம் சுற்றுகளில் எடுக்கப்பட்டு இரண்டே ஆண்டில் காணாமல் போன ரிசீவர்களின் பெயர்கள் நமக்கு நினைவில் இல்லை என்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள் வெற்றி பெறும் விகிதம் அதிகம். அதில் ஒரு பகுதி தேர்வாளர்களின் கண், மறு பகுதி முதல் சுற்றுக்காரருக்கு மட்டுமே கிடைக்கும் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு. இதைப் பிரித்துக் காண எனக்கும் வழி தெரியவில்லை.

நகுவாவைப் பற்றி மட்டும் ஒரு சொல். பி.ஒய்.யூ. பல்கலைக்கழகத்தில் 2022இல் அவர் எடுத்தது 625 யார்டு. ஆனால் காயங்களால் ஆடியது ஒன்பதே ஆட்டங்கள். மொத்தத்தைப் பார்த்தவர்கள் கடந்து போனார்கள். களத்தில் ஓடிய ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எத்தனை யார்டு என்று பார்த்தவர்களுக்கு அவர் வேறு மாதிரி தெரிந்திருப்பார். 2023இல் ராம்ஸ் அணியில் முதல் நான்கு ஆட்டங்களுக்குக் கூப்பர் கப் காயத்தால் இல்லாமல் போனது அவருக்கு வாய்த்த கதவு. 105 கேட்சுகளும் 1,486 யார்டும் அவரே எடுத்தவை.

10. கோணல்பார்வை எழுதியது:

எண்கணக்கு அவர்களின் பங்குக் கணக்கு முற்றிலும் உடையும் இடம் ஒன்று உண்டு: நெரிசலான அறை. 2021இல் ஒஹாயோ ஸ்டேட்டில் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா 1,606 யார்டு, காரெட் வில்சன் 1,058, கிறிஸ் ஒலாவே 936. ஒலாவேயின் பங்கை மட்டும் பார்த்தால் அவர் அந்த அணியின் மூன்றாவது ஆள். 2022 ட்ராஃப்டில் வில்சன் 10, ஒலாவே 11; இருவரும் அறிமுக ஆண்டிலேயே ஆயிரத்தைக் கடந்தார்கள். அதே கல்லூரியின் டெரி மெக்லாரின் தன் கடைசிப் பருவத்தில் 35 கேட்சுகள்தான் பிடித்தார். மூன்றாம் சுற்றில் வாஷிங்டனுக்குப் போய் முதலாண்டே 919 யார்டு எடுத்தார். நீங்கள் தொடக்கத்தில் கேட்ட மைக்கேல் தாமஸின் 781 யார்டும் இதே ஊரின் கதைதான். அங்கே எண்கள் திறனைக் காட்டுவதைவிட, பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததைக் காட்டுகின்றன.

இதற்கு எனக்குத் தெரிந்த மாற்று, ஒரே ஆளை இரண்டு சூழல்களில் பார்ப்பது. முன்பெல்லாம் அது அரிது. இன்று கல்லூரி மாறுவது எளிதாகிவிட்டதால் அடிக்கடி கிடைக்கிறது. ஜோர்டன் ஆடிசன் 2021இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1,593 யார்டு எடுத்தார். மறு ஆண்டு யூ.எஸ்.சி.க்கு மாறி 875 யார்டு. எண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைப் பார்த்துச் சிலர் பின்வாங்கினார்கள். நான் பார்த்தவரை, இரண்டு இடங்களிலும் அவர் ஓடிய விதமும் திரும்பிய விதமும் ஒன்றாகவே இருந்தன. மின்னசோட்டாவில் முதலாண்டு 911 யார்டு, பத்து டச்டவுன்.

11. பக்கக்கோடு எழுதியது:

ஜெஃபர்சனுக்கும் அப்படி இரண்டு சூழல்கள் இருந்தன அல்லவா? கல்லூரி மாறவில்லை, நின்ற இடம் மாறியது. 2018இல் வெளிப்புறத்தில் ஆடினார். 2019இல் பயிற்சியாளர் ஜோ பிரேடி புதிய எறிதல் முறையோடு வந்த பிறகு ஏறக்குறைய முழுவதும் ஸ்லாட்டில் (வெளிப்புற ரிசீவருக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையே) ஆடினார். ஸ்லாட்டில் நிற்பவருக்குப் பிரஸ் கவரேஜ் குறைவு, இருபுறமும் திரும்ப இடம் உண்டு. ஆகவே அந்த 1,540 யார்டை ஐயத்தோடு பார்த்தது தவறல்ல. தவறு எங்கே என்றால், ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஓராண்டு பின்னால் போய்ப் பார்க்காததில்.

12. இருபத்தோராம் தேர்வு எழுதியது:

இதைப் படித்த பிறகு, 2020 ஏப்ரலுக்கு முன் இருவரைப் பற்றியும் என்ன பேசப்பட்டது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ரேகர் 2018இல் 1,061 யார்டு எடுத்திருந்தார். 2019இல் அது 611 ஆகக் குறைந்ததற்கு, பந்தெறிந்தவர் அனுபவமில்லாத முதலாண்டு மாணவர் என்ற காரணம் பரவலாகச் சொல்லப்பட்டது. அது உண்மையும்கூட. ஜெஃபர்சனின் 1,540 யார்டுக்கு, பந்தெறிந்தவர் ஜோ பரோ, மறுபுறம் நின்றவர் ஜமார் சேஸ் என்று கழிவு போடப்பட்டது. அதுவும் உண்மையே. சூழலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்த இழையில் நாம் அனைவரும் சொல்லிக்கொண்டிருப்பதை எங்கள் அணி செய்யாமல் இல்லை, செய்தது. ஒருவருக்குக் கூட்டி, மற்றவருக்குக் கழித்து, கூட்டலும் கழித்தலும் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் இருவரும் இடம் மாறும் வரை போய்விட்டது. எங்களுக்குத் தேவை வேகம் என்றும் அப்போது சொல்லப்பட்டது. ட்ராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையான காம்பைனில் நாற்பது யார்டை ரேகர் ஓடியது 4.47 விநாடி, ஜெஃபர்சன் 4.43.

13. எண்கணக்கு எழுதியது:

இது எனக்கும் உறைக்கிறது. சூழலுக்காக எண்ணைத் திருத்தும்போது, எவ்வளவு திருத்தலாம் என்பதற்கு ஒரு வரம்பை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நமக்குப் பிடித்தவருக்கு ஏற்றபடி திருத்தம் நீண்டுகொண்டே போகும். 611ஐ 900 ஆக்கலாம், 1,540ஐ 1,100 ஆக்கலாம். அதற்குப் பிறகும் யார் முன்னால் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். கோணல்பார்வை அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 2018 எல்.எஸ்.யூ. ஆட்டங்களில் ஜெஃபர்சன் வெளிப்புறத்தில் பிரஸ் கவரேஜைச் சந்தித்த இடங்களைத் தேடிப் பார்த்துச் சொல்ல முடியுமா? என் கணக்கில் அந்த ஆண்டு ஒரு நல்ல எண்ணாக மட்டுமே இருக்கிறது.

14. கோணல்பார்வை எழுதியது:

பார்க்கிறேன். கூடவே ரேகரின் 2018ஐயும் பார்த்துவிடுகிறேன். 2019ஐ மன்னிக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய ஆண்டில் மன்னிப்புக்குரிய திறன் இருந்ததா என்று தெரிய வேண்டும். ஒரு வாரம் அவகாசம் தாருங்கள்.

15. பழைய நைனர் எழுதியது:

ரேகரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2022 ஆகஸ்டில் பிலடெல்பியா அவரை வேறோர் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. போனது மின்னசோட்டாவுக்கு, அந்தப் பருவம் முழுவதும் ஜெஃபர்சன் 1,809 யார்டு எடுத்ததை அதே பக்கக்கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.